பச்சைக் கட்டம்

அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது ஒரு முறை உரக்க வாசிக்கப்படும். அப்போதும் அவள் சற்றுத் தாமதித்தே திரும்பிப் பார்ப்பாள். மற்ற நாள்களில் பட்டறையில் எல்லாருக்கும் அவள் ‘தொலைஞ்ச அக்கா’தான். நாள்தோறும் தொலைந்துபோவதே அவளுக்கு வேலை. காலையில் வந்ததும் செருப்புகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பாள். பட்டறையைப் பெருக்குவாள். மின்கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றும் மேசையை உலர்ந்த துணியால் துடைப்பாள். பிறகு தடுப்புக்குப் பின்னால் சென்று ஆரஞ்சு நிறச் சேலையை உடுத்திக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் பொதுவாக, “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் பின்புறத்துத் தரிசுக்குள் நடந்து மறைவாள்.

“அக்கா, இன்னிக்கு எங்க தொலையப் போறீங்க?” என்று யாராவது கேட்பார்கள்.

“சொல்லிட்டுப் போனா அது தொலையறதா?” என்பாள் அவள். நாள்தோறும் இதே கேள்வியும் இதே விடையுந்தான். ஆயினும் கேட்பவருக்கும் சலிக்கவில்லை, சொல்பவளுக்கும் சலிக்கவில்லை.

ஒரு காலத்தில் மரக்கிடங்காக இருந்த கட்டடம் அது. மழைக்காலத்தில் இன்றும் சுவர்களிலிருந்து மரத்தூள் வாசனை வரும். அதனுள்ளே இப்போது ஆளில்லாமல் பறக்கும் சிறு வானூர்திகளைச் செய்துகொண்டிருந்தார்கள். நான்கு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சுழல்விசிறி, வயிற்றுப் புறத்தில் ஒரு கேமரா. வெள்ளத்தில் சிக்கியவர்களையும் மலையில் வழி தவறியவர்களையும் வானிலிருந்து தேடிக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். பறந்துகொண்டே அது படமெடுக்கும். படத்தில் மனித உருவம் இருப்பதாக அதற்குத் தோன்றினால், கீழே இருப்பவர்களின் திரையில் அந்த உருவத்தைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் விழும். பட்டறையில் நல்ல செய்தி என்றால், ‘கட்டம் விழுந்துச்சு’ என்பதுதான்.

பட்டறைக்கு உரிமையாளர் ஒரு பெண் பொறியாளர். எல்லாரும் அவரை மேடம் என்று அழைத்தார்கள். வானூர்தியைக் கையடக்கக் கருவியால் இயக்குபவனுக்கு ‘பைலட்டு’ என்று பெயர். அவன் ஒரு முறையேனும் விமானத்தில் ஏறியவன் அல்லன் என்பது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. மனித உருவம் இன்னது என்று கருவிக்குக் கற்பிப்பவர் ஒருவர் இருந்தார். நாள் முழுவதும் திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் ‘படக்காரர்’. வெயிலைக் கண்டால் கண்களைச் சுருக்குவார். மேசை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பார். எறும்புகளுக்குப் பயந்து அந்த இழுப்பறையின் விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருப்பார்.

தொடக்கத்தில் அவர்கள் வைக்கோல் திணித்த பொம்மை ஒன்றைத் தரிசில் கிடத்திப் பார்த்தார்கள். கருவி பொம்மையை நன்றாகக் கண்டுபிடித்தது. ஆளைக் கண்டபோது பேசாமல் கடந்து சென்றது. உயிருள்ள ஒருவர் நாள்தோறும் வெயிலில் கிடந்தால்தான் அதற்குப் புத்தி வரும் என்று படக்காரர் சொன்னார். யாரும் முன்வரவில்லை. அப்போது துடைப்பத்தோடு நின்றிருந்த அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இது மலையிலயும் தேடுமா மேடம்?”

“தேடுறதுக்குத்தான் செய்யறோம்.”

“அப்ப நான் படுக்கறேன்.”

மலையில் அவளுக்கு ஒரு தேவை இருந்தது. ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பெரிய கம்பிகள் மலைச் சரிவுகளின் மேல் செல்கின்றன. அவற்றைத் தொடும் உயரத்துக்கு வளரும் மரங்களை ஆண்டுதோறும் வெட்டிச் சாய்க்க வேண்டும். அந்த வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரிடம் அவள் கணவன் மரம் வெட்டியாக இருந்தான். முந்தைய மழைக்காலத்தில் கூட்டத்தோடு மலைக்குச் சென்றவன் கூட்டத்தோடு திரும்பவில்லை. அன்று பெருமழை பெய்து சரிவின் ஒரு பகுதி இறங்கியிருந்தது. உடன் சென்றவர்கள் கத்திக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்; கயிறு கட்டிச் சிறிது தூரம் இறங்கியும் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரி, அன்று காலையில்தான் கூலி விஷயமாகத் தன்னோடு சண்டை பிடித்தான் என்றும், கோபித்துக்கொண்டு வேறு பக்கமாக இறங்கிப் போயிருப்பான் என்றும் சொன்னார். அந்தச் சொல்லையே ஒப்பந்தக்காரரும் பிடித்துக்கொண்டார். வேலையில் இறந்தான் என்றால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஓடிப்போனான் என்றால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தெருவிலும் அந்தப் பேச்சு நடமாடியது. தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டதும் இரண்டு பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். அவர்கள் மாற்றிய பேச்சு எது என்பது அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு போகிறவனா அவன்? கோபம் வந்தால் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். உள்ளே பாத்திரம் கொஞ்சம் பலமாக விழுந்தால், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவான். அவ்வளவுதான் அவனுடைய கோபத்தின் ஆயுள். இதை எந்த அலுவலகத்தில் யாரிடம் சொல்வது?

ஆகையால் அவன் அந்தச் சரிவில்தான் இருக்கிறான் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அவனைக் கண்டெடுக்க வேண்டும். அவன் தன்னை விட்டுப் போகவில்லை என்பதை ஊர் காண வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே மேடத்திடம் இதைச் சொன்னாள். கருவி தேர்ந்ததும் முதலில் அந்தச் சரிவின் மேல் பறக்கவிடுவதாக மேடம் வாக்களித்தார். அவர் மனமறிந்து பொய் சொல்பவர் அல்லர்.

வீட்டில் அவளுக்குத் துணை நாத்தனார் ஒருத்திதான். கணவனின் தங்கை. சன்னலோரத்தில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுப்பாள். நாக்கு கூர்மை, மனம் அப்படியன்று. ஒரே கூரையின் கீழ் ஒரே மனிதனுக்காகக் காத்திருந்தும், அவ்விருவரும் காத்திருந்தது ஒன்றுக்காக அன்று. அண்ணன் ஓடித்தான் போயிருக்கிறான் என்று தங்கை உறுதியாக நம்பினாள். ஓடிப்போனவன் என்றேனும் திரும்பி வரலாம் அல்லவா?

“எதுக்கு அண்ணி மலையிலயே தேடறீங்க?” என்றாள் ஒரு நாள், ஊசியில் நூல் கோத்தபடி. “ஊர் ஊரா ஓட்டல் ஓட்டலாத் தேடற மாதிரி ஒரு மிஷின் செய்யச் சொல்லுங்க. எங்க அண்ணன் எங்கயாவது வயிறு முட்ட சாப்பிட்டுட்டு உக்காந்திருப்பாரு.”

கண்டெடுக்க வேண்டும் என்று தான் விரும்புவது எதை விரும்புவதாகும் என்பது அண்ணிக்கும் விளங்காமலில்லை.

தரிசில் படுத்திருக்கும்போது அந்த எண்ணம் அவ்வளவாக உறுத்துவதில்லை. முதுகின் கீழ் மண் சுடும். காய்ந்த புல் கழுத்தைக் குத்தும். நெடுநேரம் ஒன்றும் நிகழாது. பிறகு எங்கோ ஒரு கொசு பறப்பது போல ஒலி கேட்கும், அது வண்டாகும், வண்டு குளவியாகும். வானத்தில் ஒரு புள்ளி தோன்றி, தயங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, திடீரென்று முடிவுக்கு வந்ததுபோல் நேரே அவள் தலைக்கு மேல் வந்து நிற்கும். அது ஆளில்லாத கருவி என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் துடைத்து வைப்பவளே அவள்தான். எனினும் தன்னை ஒன்று தேடிக்கொண்டு வருகிறது, தேடிக் கண்டுபிடித்துவிட்டது என்னும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காரும். இப்படித்தான் தன் வீட்டுக்காரர் தலைக்கு மேலேயும் ஒரு நாள் வந்து நிற்கும் என்று நினைப்பாள். அவர் கிடக்கும் இடத்திலிருந்தும் வானம் இப்படித்தானே தெரியும் என்று நினைப்பாள்.

ஒரு முறை அது விழுந்தது. மின்கலம் பாதி வானத்தில் கைவிட்டுவிட, காற்றை அறுத்துக்கொண்டு கீழே வந்து அவள் முழங்கைக்கருகே மோதியது. சுழல்விசிறியின் ஒரு துண்டு கையைக் கிழித்தது. அன்று அவள் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். கருவி வருவதையே பார்க்கவில்லை. மேடம் பதறிப் போனார். தாமே ஆட்டோவில் உட்கார்ந்து மருத்துவரிடம் கொண்டுபோனார். தையல் பிரிப்பதற்குள் பட்டறையில் ஒரு விதி ஏற்பட்டது: படுப்பவர் மல்லாந்தே படுக்க வேண்டும், கண்கள் திறந்திருக்க வேண்டும், கருவி விழுந்தால் எழுந்து ஓடுவதற்கு ஏற்றாற்போல், படுக்கும் இடம் மரமும் புதரும் இல்லாத வெட்டவெளியாக இருக்க வேண்டும், பைலட்டின் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதால் ஆரஞ்சு நிறச் சேலையையே உடுத்த வேண்டும். அவளுடைய நன்மையைக் கருதி ஏற்பட்ட விதி. அதை அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள்.

விதி வந்த பிறகு கட்டம் தவறாமல் விழத் தொடங்கியது. தொலைவிலிருந்தே விழுந்தது, வந்த வேகத்தில் விழுந்தது. படக்காரர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார். கருவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று மேடம் நிறைந்த முகத்தோடு சொன்னார்.

செய்தி வெளியே பரவிற்று. ஒரு நாள் வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் அந்த மின்கம்பி ஒப்பந்தக்காரர். காணாமற்போன தொழிலாளி ஒருவனைப் பற்றித் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு விசாரணை முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பதாகவும், அந்தச் சரிவை ஒரு முறை கருவியால் அலசிக் கொடுத்தால் தமக்கும் நிம்மதி, அந்தக் குடும்பத்துக்கும் நிம்மதி என்றும் சொன்னார். அந்தக் குடும்பம் அடுத்த அறையில் மேசை துடைத்துக்கொண்டிருப்பதை அவர் அறியார். அவர் போனபின் மேடம் அவளைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பட்டறைக்குக் கிடைத்த முதல் வெளி வேலை. அதே வேலை தாம் கொடுத்த வாக்கையும் நிறைவேற்றுகிறது. கூலி கொடுப்பவர் யாராயிருந்தால் என்ன, தேடினால் போதாதா என்று கேட்டார். போதும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

அந்தக் காலையில் அவள் தலைக்குக் குளித்தாள். எதற்காக என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மலையடிவாரத்தில் வண்டி நின்றபோது சரிவு பச்சையாக, சாதுவாக, ஒன்றும் அறியாததுபோல் நின்றது. மண் இறங்கிய இடத்தில் புதர் மூடியிருந்தது. ஒப்பந்தக்காரர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார். விளம்பரத்துக்குப் படமெடுக்க வேண்டியிருக்கும் என்று மேடம் சொல்லியிருந்ததால் அவள் அன்றும் ஆரஞ்சுச் சேலையிலேயே இருந்தாள்.

கருவி எழும்பிற்று. சரிவின் மேல் வரிசை வரிசையாகச் சென்று திரும்பியது, வயலில் உழுவதைப் போல. திரையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அவளால் நிற்க முடியவில்லை. ஒருவரும் கவனியாதபோது வண்டியை விட்டு விலகிச் சரிவின் அடியில் ஏறத் தொடங்கினாள். கல் உருண்டது, முள் சேலையை இழுத்தது. தலைக்கு மேல் அந்த ஒலி நெருங்கி வர, வழக்கம்போல முகத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள்.

“மேடம், கட்டம் விழுந்துச்சு” என்று கீழே பைலட்டின் குரல் கேட்டது.

எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. ஒரு செருப்பு எங்கோ நின்றுவிட்டது. உள்ளங்கையில் மண் அப்பியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரையின் முன் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. திரையில் பச்சையான சரிவின் நடுவே பச்சைக் கட்டம்; கட்டத்துக்குள் வானத்தைப் பார்த்தபடி ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருவம்.

பைலட்டு எதையும் வேடிக்கையாக்குகிறவன். அன்று அவனுக்கு வாய் வரவில்லை. “அக்கா, இது நீங்கதான்” என்றான் மெல்ல.

அன்று விழுந்த கட்டம் அது ஒன்றுதான்.

சரிவு முழுவதும் தேடப்பட்டது, பட்டறையின் பணியாளர் ஒருவரைத் தவிர அங்கே எவரும் காணப்படவில்லை என்று மேடம் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இதற்குள் அவள் யார் என்பதை அறிந்துகொண்ட ஒப்பந்தக்காரர், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபின் அவளைப் பார்த்துக் கனிவாகவே பேசினார்.

“பாத்தியாம்மா? ஆள் இருந்தா மிஷின் சொல்லியிருக்கும். மேஸ்திரி சொன்னா சந்தேகப்படலாம், நான் சொன்னா சந்தேகப்படலாம். மிஷினுக்கு எங்கிட்ட என்ன பயம்?”

அந்தக் கேள்விக்குத் தொழிலாளர் அலுவலகத்திலும் விடை இல்லை போலும். தொழிலாளி தன் விருப்பப்படி வேலையை விட்டு நீங்கினார் என்று சொல்லி விசாரணையை முடித்துவிட்டார்கள்.

நாத்தனாருக்கு அன்று முகம் பூத்துவிட்டது. அண்ணி அழுவதற்குள் அவள் அழுதாள். அது வேறு அழுகை. நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நெடுநாள் பெட்டியில் வைத்திருந்த துணியை எடுத்து விரித்து, அண்ணனுக்குச் சட்டை வெட்டப்போவதாக அறிவித்தாள். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள்.

“இத்தனை நாளாச்சே அண்ணி. இளைச்சிருப்பாரா?”

“அளவு பழையபடியே இருக்கட்டும்” என்றாள் அண்ணி. குரல் தடுமாறாமல் வந்ததில் அவளுக்கே வியப்பு.

அதன் பின்னும் அவள் வேலைக்குப் போனாள். செருப்பைச் சாய்த்து வைத்தாள், பெருக்கினாள், தொலைந்தாள். ஆனால் கருவி தலைக்கு மேல் வந்து நிற்கும்போது நெஞ்சுக்குள் எழுந்து உட்கார எதுவும் இல்லை. இரவுகளில் ஊராரின் பேச்சு அவள் காதுக்குள் புகுந்தது. ஒருவேளை போய்த்தான் விட்டானா? அப்படியானால் அந்தக் கடைசிக் காலையில் என்ன சொன்னான்? தண்ணீர்ப் புட்டியின் மூடி இறுகிக்கொண்டது என்றான். அவள் திறந்து கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த மூடிக்குள் வேறு ஏதேனும் பொருள் இருந்ததா என்று துருவித் துருவிப் பார்த்தாள். அவனைப் பற்றி அப்படி எண்ணியதற்காகத் தன் மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது.

தூறல் விழும்போதும் கருவி பறக்குமா என்று ஒரு நாள் சோதிக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போதே வானம் மூடியிருந்ததால் கணவனின் பழைய வேலைச் சட்டை ஒன்றை எடுத்து வந்திருந்தாள். ஒப்பந்தக்காரர் கொடுத்த மண்நிறச் சட்டை; மரப்பால் கறை போகாதது. அதைச் சேலைக்கு மேல் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். தூறல் கண்களில் விழுந்தது. சிறிது நேரம் விதியின்படி பொறுத்துப் பார்த்தாள். பிறகு உடம்பு தானாகவே ஒரு புதரின் ஓரமாக ஒதுங்கிற்று. திரும்பி, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டது. ஈரமண்ணின் வாசனை. சட்டையில் எஞ்சியிருந்த பழைய வாசனை. அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் அசையாமல் கிடந்தாள்.

கருவி வந்தது. ஒலி நேர் மேலே வந்தது, நிற்கவில்லை, கடந்து சென்றது. திரும்பி வந்தது; மறுபடியும் கடந்து சென்றது. அது தொலைவில் தேய்ந்து மறையும் வரை அவள் செவியைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். எழுந்து தலையை உயர்த்தியபோது தூறல் நின்றிருந்தது.

“இன்னிக்கு ரொம்ப நல்லாத் தொலைஞ்சுட்டீங்க அக்கா. தேடித்தேடி பேட்டரியே தீந்துபோச்சு” என்றான் பைலட்டு, அவள் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தபோது.

படக்காரர் சிரிக்கவில்லை. எங்கே, எப்படிப் படுத்திருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். திரையில் அந்த இடத்தைத் தேடியெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு யாரும் அதுவரை அவரிடம் கண்டிராத ஒன்றைச் செய்தார்: ஈரத்தையும் பாராமல் வெளியே வந்து, தரிசில் நடந்துபோய், தாமே படுத்தார். கட்டம் விழவில்லை. பைலட்டைப் படுக்கச் சொன்னார். மல்லாந்து, குப்புற, புதரடியில், வெளியில். கட்டம் விழவில்லை. போர்த்தியிருந்த சட்டையை எடுத்துவிட்டு அவளை வழக்கம்போலப் படுக்கச் சொன்னார். கருவி தரையை விட்டு எழும்பி அரைப்பனை உயரம் போவதற்குள் கட்டம் விழுந்துவிட்டது.

மறுநாள் தேநீர் வேளையில் அவர் தாமே அவளிடம் வந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து குவளைக்குள் விழுந்ததைக் கவனிக்கவில்லை.

“அக்கா, அதுக்கு மனுஷங்களைத் தெரியாது. உங்களை மட்டுந்தான் தெரியும்.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“ஆரஞ்சு சேலை, மேல பாத்த முகம், சுத்தி வெட்டவெளி. இது இருந்தாத்தான் ஆளுன்னு கத்துக்கிட்டிருக்கு. நான்தான் கத்துக்குடுத்தேன். தினமும் கட்டம் விழுந்ததும் சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்.”

தேநீரில் ஆடை படர்ந்தது.

“அவர் எப்பவும் குப்புறத்தான் படுப்பார்” என்றாள் கடைசியில்.

மேடத்துக்கும் இது தெரிவிக்கப்பட்டது. அவர் கண்கலங்கினார் என்பதை மறைப்பதற்கில்லை. முதலிலிருந்து புதிதாகக் கற்பிக்க வேண்டும் என்று அன்றே உத்தரவிட்டார். வேறு வேறு ஆள்களைப் படுக்க வைக்க ஏற்பாடு செய்தார். ஆனால் அந்தச் சரிவைப் பற்றிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது பற்றி அவள் கேட்டபோது, மேடம் சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். மீட்புத் துறையினர் அடுத்த மாதம் கருவியைப் பார்வையிட வருகிறார்கள். இது பொய் சொன்ன கருவி என்று நாமே எழுதிக் கொடுத்தால் பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கருவி நன்றாகத் தேறிய பிறகு எப்படியாவது இன்னொரு முறை அந்தச் சரிவில் பறக்கவிடலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். இந்த முறையும் அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

“மிஷினை அனுப்பி மறுபடி பாக்கறதுக்கு ஒப்பந்தக்காரர் ஒத்துக்குவாரா மேடம்?” என்று அவள் கேட்டாள்.

கம்பி போகும் சரிவு முழுவதும் இப்போது ஒப்பந்தக்காரருடைய பொறுப்பில் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் அங்கே ஒரு வண்டுகூடப் பறக்க முடியாது.

அன்று மாலை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் படக்காரர் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். கருவி அந்தச் சரிவில் எடுத்த படங்கள் எல்லாம் இன்னும் கணினிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பல ஆயிரம் படங்கள். கட்டம் விழாத படத்தை மனிதக் கண் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருப்பதற்காகத்தானே கருவி. ஆகவே அவற்றை இதுவரை எவரும் பார்த்திலர். புதிய பயிற்சிக்கு இடம் வேண்டியிருப்பதால் வரும் வாரத்தில் அவற்றை அழித்தாக வேண்டும். விடுமுறை நாளன்று தாம் பட்டறைக்கு வருவதாகச் சொன்னார். வாருங்கள் என்றும் சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் சட்டை தயாராகியிருந்தது. காலர் வைத்துப் பொத்தான் தைத்து, நாத்தனார் அதைச் சன்னல் கம்பியில் மாட்டியிருந்தாள். காற்றில் அது லேசாக உப்பித் தணிந்தது. அவள் முன்னைப் போலக் குத்திப் பேசுவதை விட்டுவிட்டாள். இரவில் கதவைத் தாழிடுவதற்கு முன் தெருவை ஒரு முறை எட்டிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. ஓராண்டாகக் கல்லாக இருந்த முகத்தில் பழைய பெண் திரும்பி வந்திருந்தாள். இந்த முகத்தை மறுபடியும் கல்லாக்குவதா? படங்களைப் பாராமல் இருந்துவிட்டால் அவன் இவளுக்கேனும் எங்கோ ஓரிடத்தில் சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு உயிரோடிருப்பான். பார்த்தால், தான் விரும்பியது கிடைத்தால், இந்த வீட்டில் அவன் இறந்துபோவான்.

இதை அவள் பல முறை புரட்டிப் பார்த்தாள். ஆயினும் ஒவ்வொரு முறையும் நினைவு ஈரமண்ணில் போய் முடிந்தது. தலைக்கு மேல் ஒலி வந்து, நில்லாமல் போனதே, அந்தக் கணத்தில். அங்கே கிடந்தது அவள்தான். ஆனால் அப்போது அவள் நினைத்தது தன்னைப் பற்றி அன்று.

விடுமுறை நாளன்று படக்காரர் பட்டறையின் இரும்புக் கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார். அவள் குனிந்து உள்ளே வந்தாள். வேலை நாள் அல்லாததால் பெருக்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றாள், பிறகு பெருக்கவில்லை. அவர் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்த விசையைத் தட்டினால் அடுத்த படம் வரும், எதைத் தட்டினால் பெரிதாகும் என்று காட்டிக் கொடுத்தார். அவளுடைய விரல் விசையின் மேல் கனமாக விழுந்தது. ஒரே தட்டில் மூன்று படங்கள் ஓடிவிட்டன. மெதுவாகத் தட்டப் பழகிக்கொண்டாள்.

முதற் படம் சரிவின் உச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. மின்கம்பிகள் மெல்லிய கோடுகளாகக் குறுக்கே சென்றன. அவற்றின் கீழே அகலமான பாதைபோல் மலை வெட்டவெளியாகக் கிடந்தது. வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக, வட்டம் வட்டமாக, வெளிறிய முகங்களோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட மறையவில்லை. செய்த வேலை முழுவதும் வானத்திலிருந்து துலக்கமாகத் தெரிந்தது. செய்தவர் எவரும் தெரியவில்லை. படத்தின் மூலையில், ‘நபர் இல்லை’ என்று கருவி எழுதியிருந்தது. அடுத்த படத்திலும் அப்படியே எழுதியிருந்தது. அதற்கடுத்ததிலும்.

“பூராவும் இப்படித்தான் இருக்கும் அக்கா. இலை, கல்லு, சேறு. கண்ணு பூத்துப்போயிடும்” என்றார் படக்காரர். சற்று நிறுத்தி, “கெடைக்கலைன்னா?” என்றார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கெடைக்கலைன்னாலும் நான் பாத்ததா இருக்கும் தம்பி. கெடைச்சா, என் நாத்தனார்கிட்ட நானே சொல்லிக்கறேன். வேற யாரும் சொல்ல வேண்டாம்.”

நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

“கடைசிப் படம் வரைக்கும் நானே பாக்கறேன்.”